அறிவுக்குக் கூலி எங்கே?

கடலைக்காட்டில் ஒரு தாய் களை வெட்டிக்கொண்டிருக்கிறாள். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே வானம் பார்த்த பூமி. செடியை விலக்கிய கைக்குக் கீழே சுருட்டை விரியன் கிடக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் கடி விழுந்துவிடுகிறது. மொபெட்டில் உட்கார வைத்து, பின்னால் ஒருத்தி தாங்கிப் பிடித்துக்கொள்ள, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். டாக்டர் விஷமுறிவு மருந்தை ஏற்றுகிறார். அவள் பிழைத்துக்கொள்கிறாள். கொஞ்ச நாளில் திரும்பவும் அதே காட்டில் களைக்கொத்தைப் பிடிக்கிறாள்.

இப்படிப் பிழைத்தவர்கள் நம் கிராமங்களில் உண்டு. பிழைக்காதவர்களும் உண்டு. 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் மாண்டார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. சராசரி வருஷத்துக்கு 58,000 உயிர்! யார் இவர்கள்? பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். வெறுங்காலுடன் வயலில் இறங்குகிறவர்கள். இருட்டில் மடை திருப்பப் போகிறவர்கள். மண் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள். அதாவது, தோழர்களே, நாம்தான்.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று என்றைக்காவது கேட்டோமா?

பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சத்து உண்டாகும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ததுதான் விஷமுறிவு மருந்து. ஆக, பாம்பு விஷம் இல்லாவிட்டால் மருந்து இல்லை. அந்த விஷத்தை எடுப்பவர்கள் யார்? இந்தியாவில் இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகத் தந்து வந்திருப்பவர்கள் இருளர்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலி என்ற கிராமத்தில் உள்ளது அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம்.

புல் சாய்ந்திருக்கும் விதத்தையும், மண்ணில் கிடக்கும் தடத்தையும், பொந்தின் வாயில் ஒட்டியிருக்கும் செதிலையும் பார்த்தே உள்ளே கிடப்பது எந்தப் பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். இது எந்தச் சர்வகலாசாலையிலும் படித்து வந்ததல்ல. தாத்தன் கையைப் பிடித்து அப்பனும், அப்பன் கையைப் பிடித்து மகனும் காட்டில் நடந்து கற்றது. அதற்கு விலையாகக் கொடுத்தது சொந்த உயிரையும் விரலையும்.

நம் உயிரைக் காப்பாற்றும் இந்த மனிதர்களுக்கும், அறிவின் ஆலயம் என்று சொல்லிக்கொள்ளும் சர்வகலாசாலைகளுக்கும் என்ன உறவு இருக்கிறது? எப்படிப்பட்ட உறவு இருக்கவேண்டும்? மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இதைப் பற்றி ஏன் பேசவேண்டும்? இதுதான் இன்று நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம்.

கூட்டுறவு கண்டவர்கள்

ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரிக்கு விற்றார்கள். தோல் சீமைக்குப் போய்ச் சீமாட்டிகளின் கைப்பையாக மாறியது. லாபம் வியாபாரிக்கு, இருளருக்குச் சில்லறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. பாம்பைக் காப்பாற்றியது சரிதான். ஆனால் பாம்பை நம்பிப் பிழைத்தவன் கதி?

1978-ல் ராமுலஸ் விட்டேகர் என்ற பாம்பு ஆராய்ச்சியாளரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகைப் பாம்பைப் பிடிப்பார்கள். ஜாடி வாயில் கட்டிய மெல்லிய தோலைக் கடிக்கவைத்து விஷம் எடுப்பார்கள். சில வாரம் வைத்திருந்து, பாம்பை மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பாம்பு சாவதில்லை, மனிதனும் பிழைக்கிறான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பிடிக்கத் தெரிந்தவன் தனித்தனியாக நின்றபோது வியாபாரி சொன்னதுதான் விலை. சங்கமாகச் சேர்ந்தபோது அவனுடைய அறிவுக்கு ஒரு விலை ஏற்பட்டது. இன்றைக்கும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி தந்தால்தான் வேலை. கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் வாசலில் கைகட்டி நிற்காமல், மருந்துக் கம்பெனிக்கு எதிரே உட்கார்ந்து சரக்கு விற்கும் நிலையை அவர்கள் அடைந்தார்கள்.

2017-ல் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்துச் சதுப்புக் காடுகளில் பர்மா மலைப்பாம்பு பெருகி, அங்குள்ள பிராணிகளை விழுங்கித் தீர்த்துக்கொண்டிருந்தது. மோப்ப நாய்களை விட்டுப் பார்த்தார்கள். பிடித்த பாம்பின் உடம்பில் ரேடியோக் கருவி வைத்து, அதன் பின்னாலேயே போய் மற்றப் பாம்புகளைத் தேடிப் பார்த்தார்கள். பாம்பு அடங்கவில்லை. கடைசியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அதில் ஒன்று 16 அடி நீளம்! அந்த இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்குமாக மாகாணத்து வனவிலங்கு இலாகா ஏறக்குறைய 69,000 டாலர் செலவிட்டது. 2023-ல் இந்திய சர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஏதோ தர்மம் செய்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. தேவை வந்தது, கூப்பிட்டார்கள். ஆனால் கூப்பிட்ட விதத்தைக் கவனியுங்கள். தெரிந்தவனைத் தெரிந்தவன் என்று ஒப்புக்கொண்டார்கள். அவன் பெயரைச் சொன்னார்கள். அவன் அறிவை வேலை என்று மதித்துப் பணம் கொடுத்தார்கள். எந்த மில் தொழிலாளியும் எதிர்பார்க்கும் சாதாரண மரியாதை இது. ஆதிவாசிகளின் விஷயத்தில் இந்தச் சாதாரண மரியாதைகூடச் சரித்திரத்தில் அபூர்வமாக இருந்திருக்கிறது என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

காணிகளின் பச்சிலை

நம் ஜில்லாவுக்குப் பக்கத்துச் சங்கதி ஒன்றைப் பார்ப்போம். கோயம்புத்தூருக்கும் சம்பந்தமுள்ள சங்கதி.

அகஸ்தியர் மலையில் காணிகள் என்ற ஆதிவாசிகள் வாழ்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும். 1987-ல் ஆதிவாசிகளின் தாவர அறிவைத் திரட்டும் அகில இந்தியத் திட்டம் ஒன்றின் விஞ்ஞானிகள் கேரளத்துப் பக்கமாக அந்த மலையில் ஏறினார்கள். தலைமை டாக்டர் புஷ்பாங்கதன். வழி காட்டக் காணிகள் கூட நடந்தார்கள். மேடேறி விஞ்ஞானிகள் களைத்துப் போனார்கள், காணிகள் களைக்கவில்லை. அவர்கள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். தின்றதும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத ரகசியம் என்று காணிகள் முதலில் தயங்கினார்கள். பிறகு நம்பிச் சொல்லிவிட்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா என்ற சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் அந்தப் பச்சிலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தைத் தயாரித்தது. 1995-ல் அதைச் செய்யும் உரிமை கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு ஏழு வருஷத்துக்குக் கொடுக்கப்பட்டது. விலை 10 லட்சம் ரூபாய். அதோடு விற்பனையில் நூற்றுக்கு 2 ரூபாய் உரிமைத் தொகை. வருவதில் பாதியைக் காணிகளுக்குக் கொடுப்பதாக நிலையம் ஏற்றுக்கொண்டது. 1997-ல் காணிகளின் பெயரில் டிரஸ்ட் பதிவானது. 1999-ல் 5 லட்சத்துச் சொச்சம் ரூபாய் அதன் கைக்கு வந்தது.

இதை உலகமே மெச்சியது. மெச்சவேண்டியதுதான். அதுவரை ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிக்கொண்டு போனதுதான் வழக்கம். பாதி தருகிறோம் என்று சொன்னவர்கள் அபூர்வம். அந்த விஞ்ஞானிகளின் நல்லெண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் கூலிக் கணக்குப் பார்த்துப் பழகிய நாம் இந்தக் கணக்கையும் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு மருந்து விற்றால் உரிமைத் தொகை இரண்டு ரூபாய். அதில் காணிக்கு ஒரு ரூபாய்! ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் நிலையமும் கம்பெனியும். காணி எந்தப் பக்கமும் இல்லை. பங்கு எவ்வளவு என்று அவனைக் கேட்டு முடிவு செய்யவில்லை; முடிவு செய்தபின் அவனுக்குச் சொன்னார்கள். பிலாத்திகள் என்று சொல்லப்படும் காணி வைத்தியர்கள் ஒன்பது பேர் 1995-லேயே கேரள முதலமைச்சருக்கு ஆட்சேபக் கடிதம் எழுதினார்கள். எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்க நீங்கள் யார் என்பது அவர்கள் கேள்வி. இலை பறிக்க வனத்துறை தடை போட்டது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி ‘ஜீவனி’ என்ற பெயரையே தன் வியாபார முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. கேரளத்துக் காணிகளுக்காவது ஒரு டிரஸ்ட் உண்டாயிற்று. மலைக்கு இந்தப் பக்கம் பாபநாசத்திலும் பேச்சிப்பாறையிலும் உள்ள காணிகள், அதே குலத்தார், கணக்கிலேயே வரவில்லை.

முதலாளி தானாக மனமிரங்கிக் கொடுப்பது இனாம். தொழிலாளி உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டு வாங்குவது போனஸ். இரண்டுக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியாதா? காணிகளுக்குக் கிடைத்தது இனாம்.

மஞ்சள் வழக்கு

இன்னொரு சர்வகலாசாலையின் கதை. இது மஞ்சள் வெட்டி, வேகவைத்து, ஈரோட்டு மண்டிக்கு மூட்டை ஏற்றும் நம் ஜனங்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டியது.

1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஒரு பேட்டண்ட் உரிமை கிடைத்தது. எதற்கு? புண்ணை ஆற்ற மஞ்சளை உபயோகிப்பதற்கு! நம் வீட்டுக் கிழவிகள் காலகாலமாகச் செய்துவந்த காரியம் அமெரிக்காவில் அவர்கள் ‘கண்டுபிடிப்பு’ ஆகிவிட்டது. இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் இதை எதிர்த்து வழக்காடியது. பழைய சமஸ்கிருத நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரையையும் எடுத்துப் போட்டது. 1997-ல் பேட்டண்ட் ரத்தாயிற்று. வெற்றிதான்.

ஆனால் எதனால் வெற்றி? ஏட்டில் எழுதியிருந்ததால் வெற்றி! ஆதிவாசிக்கு ஏடு ஏது? அவன் அறிவெல்லாம் நாக்கிலும் கையிலும் இருக்கிறது. நாளைக்கு ஒருவன் காட்டுநாயக்கர் தேனெடுக்கும் முறையையோ, முதுவர் வைத்தியத்தையோ தன்னுடையது என்று பதிவு செய்தால், எந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவது? 2001-ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு நூலகமும் சித்தம், ஆயுர்வேதம், யுனானி என்று எழுத்தில் உள்ளதைத்தான் முக்கியமாகத் திரட்டியது. 2002-ம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டம், மூலிகையையும் அதைப் பற்றிய அறிவையும் எடுத்து வியாபாரம் செய்கிறவன் பங்கு தரவேண்டும் என்றது. 2023-ல் அதைத் திருத்தி, ஏட்டில் ஏறிய வைத்திய அறிவை உபயோகிப்பவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மீறினால் ஜெயில் என்றிருந்ததை அபராதமாக மாற்றினார்கள். கம்பெனிகளுக்குச் சௌகரியம். மலைமேல் உள்ளவனுக்கு?

தலையை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்

மூலிகையோடு நின்றதா? இல்லை. மனிதனையே சரக்காக்கினார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஜாதி ஜாதியாக ஜனங்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் இடுக்கியால் அளந்தார். 1909-ல் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி ஏழு வால்யூம் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ரிவர்ஸ் 1901-ல் நீலகிரிக்கு வந்து தோடர்களின் பால்மனைச் சடங்குகளையெல்லாம் கேட்டு எழுதி, 1906-ல் பெரிய புத்தகம் போட்டார். ரகசியத்தைச் சொன்ன சிலருக்கு அடுத்தடுத்து நோயும் துக்கமும் வந்தன; வெளியே சொன்னதால் வந்த தெய்வக்குற்றம் என்று தோடர்கள் கருதினார்கள். இதை ரிவர்ஸே தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தெய்வக்குற்றமா இல்லையா என்பது வேறு விஷயம். சொல்லியவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! புத்தகத்தால் ஒருவருக்குப் புகழ், மற்றவர்களுக்குப் பயம்.

அது பழைய காலம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கில் ஹவாசுபாய் என்ற பழங்குடி மக்கள் வசிக்கிறார்கள். அவர்களிடையே சர்க்கரை வியாதி அதிகம். 1990-ம் வருஷம் முதல் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். வியாதிக்கு வழி பிறக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை வைத்து மனநோயைப் பற்றியும், அவர்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றியும் ஆராய்ந்தது பின்னால்தான் தெரிந்தது. அந்த ஜனங்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்தது. அதைத் தங்கள் பள்ளத்தாக்குக்கே எடுத்துப் போனார்கள்.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2017-ல் தாங்களே ஒரு விதிமுறையை எழுதி வெளியிட்டார்கள். எங்களிடம் ஆராய்ச்சிக்கு வருகிறவன் மரியாதையோடு வரவேண்டும், உண்மை சொல்லவேண்டும், நியாயமாக நடக்கவேண்டும், அக்கறை காட்டவேண்டும், எங்கள் சபையின் வழியாக முறைப்படி வரவேண்டும் என்பது அதன் சாரம். ஆராயப்பட்டவர்களே ஆராய்ச்சிக்குச் சட்டம் வகுத்தார்கள்! உலகத்தில் ஒடுக்கப்பட்டவன் விழித்துக்கொண்டு வருகிறான் என்பதற்கு இது அடையாளம்.

சான்றிதழ் என்னும் பூட்டு

நம் நாட்டில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஆதிவாசியைப் பற்றிப் படித்தவர்கள் எழுதிய எழுத்தே அவன் பிள்ளை படிப்பதற்குத் தடையாக வருகிறது.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடிகள் ஏறக்குறைய 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மாகாணம் முழுவதும் நூற்றுக்கு 80, பழங்குடிகளில் 54. காலேஜில் அவர்களுக்கு ஒதுக்கீடு நூற்றுக்கு ஒன்று. அந்த ஒரு சீட்டைத் தொடவும் ஜாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு விசாரணை. நீ கும்பிடும் சாமி எது, சாவு வந்தால் என்ன சடங்கு, கல்யாணத்தில் என்ன வழக்கம்? 1994-ல் உச்சநீதிமன்றம் வகுத்த முறைப்படி, சந்தேகம் வந்தால் மானிடவியல் ஆராய்ச்சியாளர் சொல்லும் அபிப்பிராயம் முக்கியமாகிவிடுகிறது. பையன் செருப்புப் போட்டு, கிராப் வெட்டி, ஒழுங்காகத் தமிழ் பேசினால் ‘இவன் ஆதிவாசியா?’ என்ற சந்தேகம்! போலிகளைத் தடுக்கவேண்டியதுதான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன் எழுதிய அடையாளம் இன்றைய பிள்ளையிடம் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? இத்தகைய சோதனையை முடிவான உரைகல்லாகக் கொள்ளக்கூடாது என்று 2023-ல் உச்சநீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது.

நம் திருப்பூர் ஜில்லாவிலேயே பாருங்கள். உடுமலைக்குத் தெற்கே ஆனைமலைத் தொடரில் தளிஞ்சி, கோடந்தூர், குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு என்று மலைக்கிராமங்கள். முதுவரும் புலையரும் வாழும் இடம். மலைப்புலையர்கள் 1976-ல் பட்டியல் திருத்தப்பட்டபோது பழங்குடிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். வாழ்க்கை அதே காட்டில். காகிதத்தில் மட்டும் வேறு ஆள். தங்களை மீண்டும் பழங்குடியாக ஏற்கவேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கோரி வந்திருக்கிறார்கள். அந்த மலையின் செடியையும் பாறையையும் தேனீயையும் பற்றி ஆராய வருகிறவர்களுக்கு அந்த ஜனங்கள் வழிகாட்டி. அவர்கள் பிள்ளைக்கு அதே சர்வகலாசாலையின் வாசல் எட்டாத தூரம்.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

“அதெல்லாம் மலைவாசி விஷயம், மில்காரனுக்கு என்ன?” என்று சில தோழர்கள் கேட்கலாம்.

முதலாவது, மலைவாசி மலையில் மட்டும் இல்லை. ஜார்க்கண்டிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்து நம் நூல்மில்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்யும் பெண்களில் ஆதிவாசிப் பெண்கள் உண்டு. உன் பக்கத்து மிஷினில் நிற்கிறவள் அவள்.

இரண்டாவது, நம் கதையும் இதேதான். காங்கேயம் காளை என்றால் உலகத்துக்குத் தெரியும். அந்த இனத்தைப் பேணியவர் என்று பழையகோட்டைப் பட்டக்காரரின் பெயரைப் புத்தகங்கள் சொல்லும். பண்ணை அவருடையது, ஒப்புக்கொள்வோம். ஆனால் விடிவதற்கு முன்னே கொறங்காட்டுக்கு மாட்டை ஓட்டியவன் யார்? எந்தக் காட்டில் கொழுக்கட்டைப் புல் எப்போது முற்றும், எந்த வெள்வேல மரத்துக் காய் எப்போது உதிரும், கிளுவை வேலியை எப்போது நடுவது, எந்தக் கன்று நல்ல காளையாக வரும் என்று பார்த்துச் சொன்னவன் யார்? பண்ணையாள்தான். அவன் பெயரை எங்கே காணோம்? இன்றைக்கும் காளையைப் பற்றியும் கொறங்காட்டைப் பற்றியும் ஆராய வருகிறவர்கள் நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனால், பாதி விஷயத்தைத்தான் எழுதிக்கொண்டு போவார்கள்.

மில்லிலும் அப்படித்தான். கொப்பரைக் களத்தில் கையில் எடுத்துப் பார்த்தே காய்ச்சல் போதுமா என்று சொல்கிறவளுக்கு அவள் அறிவுக்கென்று தனிக் கூலி உண்டா? மிஷின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லும் பிட்டரை ‘படிக்காதவன்’ என்றுதானே சொல்கிறார்கள்? கையால் செய்கிறவனுக்கு மூளை இல்லை என்பது சுரண்டுகிறவன் கட்டிவிட்ட பொய். அந்தப் பொய்க்கு முதல் பலி ஆதிவாசி. இரண்டாவது பலி நாம்.

இன்னொரு ஆட்சேபமும் வரும். “விஞ்ஞானம் எல்லாருக்கும் பொது. அனுமதி, பங்கு என்று கேட்டால் ஆராய்ச்சி நின்றுபோகும், மருந்து வராது” என்பார்கள். நாம் விஞ்ஞானத்தின் விரோதிகள் அல்ல. பாம்பு கடித்தால் மந்திரிக்கிறவனிடம் ஓடாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று ஊர் ஊராகச் சொல்கிறவர்கள் நாம். இருளர் கை இல்லாவிட்டால் விஷம் இல்லை. ஆராய்ச்சிக்கூடம் இல்லாவிட்டால் மருந்து இல்லை. இரண்டும் வேண்டும். ஆனால் இருளர்கள் சங்கம் வைத்து விலை கேட்டதால் மருந்து நின்றுபோயிற்றா? இல்லையே! 1978-க்குப் பிறகுதானே ஒழுங்காக விஷம் கிடைத்தது? மேலும், எல்லாம் பொது என்கிறவர்கள் மருந்துக்கு விலை வைக்காமல் பொதுவில் கொடுப்பார்களா? எடுக்கும்போது பொது, விற்கும்போது சொந்தம்! இந்த நியாயம் நமக்கு வேண்டாம்.

நாம் கேட்பது

ஒன்று: காட்டுக்கோ கிராமத்துக்கோ ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் முதலில் அந்த ஊர்க் கிராமசபையின் முன் வரவேண்டும். எதற்கு வந்தோம், என்ன எடுப்போம், யாருக்குக் கொடுப்போம் என்று அவர்கள் பாஷையில் சொல்லவேண்டும். ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை ஜனங்களுக்கு இருக்கவேண்டும். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு, காட்டு வளத்தைப் பற்றிய பாரம்பரிய அறிவு அந்தச் சமுதாயத்தின் உரிமை என்கிறது. சட்டம் புத்தகத்தில் தூங்கக்கூடாது.

இரண்டு: வழி காட்டினால் நாள்கூலி, சொன்ன விஷயத்துக்குப் பெயர், வியாபாரம் ஆனால் பங்கு. இவை மூன்றும் எழுத்தில் இருக்கவேண்டும். ஒப்பந்தத்தில் அந்த ஜனங்களின் கையெழுத்து வேண்டும்.

மூன்று: எடுத்த ரத்தத்தைச் சொன்ன காரியத்துக்கு மட்டுமே உபயோகிக்கவேண்டும். எழுதிய புத்தகம், எடுத்த படம், பதிவு செய்த பாட்டு எல்லாவற்றிலும் ஒரு பிரதி அந்த ஊருக்கு, அவர்களுக்குப் புரியும் பாஷையில் திரும்பி வரவேண்டும்.

நான்கு: சான்றிதழ் வீட்டு வாசலுக்கு வரவேண்டும். பழங்குடிப் பிள்ளைகளுக்கான காலேஜ் சீட்டும் ஹாஸ்டல் இடமும் காலியாகக் கிடக்கக்கூடாது. ஆள் கிடைக்கவில்லை என்று எழுதி வைப்பதைவிட, மலையேறிப் போய் அழைத்து வரட்டும்.

ஐந்து: 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி கொண்டுவந்தது. பட்டம் இல்லாவிட்டாலும், தம் தொழிலில் 15 வருஷம் தேர்ச்சி பெற்றவர்களை ‘அனுபவப் பேராசிரியர்’களாக நியமிக்கலாம் என்பது அது. கம்பெனி அதிகாரிக்குத் திறக்கும் கதவு இருளருக்கும் காணிக்கும் தோடருக்கும் திறக்கட்டும். பாம்பைப் பற்றி வகுப்பு நடத்த வடநெம்மேலியில் ஆள் இல்லையா?

ஆறு: இதே நியாயம் பண்ணையாளுக்கும் மேய்ச்சல்காரனுக்கும் வேண்டும். காங்கேயம் மாட்டைப் பற்றி எழுதும் புத்தகத்தில் மாட்டை மேய்த்தவன் பெயரும் ஏறட்டும்.

தோழர்களே! மே தினத்தன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராமசபை கூடுகிறது. நம் சங்கத் தோழர்கள் அன்று தங்கள் ஊர்ச் சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். உடுமலை மலைக்கிராமத்து ஜனங்களைக் காங்கேயத்துக் கூட்டத்துக்கு அழைத்து அவர்கள் வாயாலேயே கேட்கலாம். உங்கள் மகளோ மகனோ காலேஜில் படித்தால், ஆராய்ச்சிக்குப் போகும்போது, “யாரிடம் கற்றாய், அவருக்கு என்ன கொடுத்தாய்?” என்று வீட்டுக்கு வந்ததும் கேளுங்கள். உழைத்துப் படிக்கவைத்த தாய் தகப்பனுக்கு அந்தக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

கடலைக்காட்டில் கடிபட்டுப் பிழைத்தாளே அந்தத் தாய், அவளுக்கு ஒரு கடன் இருக்கிறது. முகம் தெரியாத ஓர் இருளர் எங்கோ ஒரு முட்புதரில் குனிந்து, வெறுங்கையால் விரியனைப் பிடித்ததால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். அந்தக் கடன் நம் எல்லாருடைய கடன். அவர் உரிமைக்காகக் குரல் கொடுத்து அதை அடைப்போம்!